பந்தியில் ஓர் இடம்: திருவண்ணாமலையில் நான்கு நாள்

பிப்ரவரி 17, 2025, திங்கள்

திருக்கோவிலூருக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது பேருந்து ஓரம் கட்டியது. கிளட்ச் போய்விட்டதாம். பின்னால் வரும் வண்டியில் ஏற்றிவிடுகிறேன் என்றார் நடத்துநர். பின்னால் வந்த இரண்டு வண்டிகளும் படிக்கட்டு வரை ஆட்களோடு நிற்காமல் போயின. பகல் ஒன்றரை மணி வெயில். காலையில் திருச்சியில் குடித்த காப்பிதான் வயிற்றில் இருந்தது. சாலையோரம் ஒரே ஒரு புளியமரம், அதன் நிழலில் நாற்பது பேர்.

என் பக்கத்து இருக்கையில் வந்த அம்மா தூக்குவாளியைத் திறந்தார். எள்ளுப்பொடி தடவிய இட்லி. மூன்றை எடுத்து மூடியில் வைத்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் கை நீண்டுவிட்டது.

“எங்க, அண்ணாமலையார் கோயிலுக்கா?”

“இல்லம்மா, ரமணாசிரமத்துக்கு. எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. தெரிஞ்ச டீச்சர் கூப்பிட்டாங்க, அதான்.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சாமி இல்லாட்டிப் போவுது. வயிறு இருக்குதில்ல, சாப்புடு” என்று நான்காவது இட்லியையும் வைத்தார். அவருக்கு மிச்சம் இரண்டுதான். அதை நான் கவனித்தது சாப்பிட்டு முடித்த பிறகு.

மூன்றே காலுக்கு ஒரு வண்டி நின்றது. கடைசி 37 கிலோமீட்டரும் நின்றுகொண்டே வந்தேன். கூட்டத்தில் யாரோ ஒருவரின் தோளுக்கு மேல் மலை முதலில் தெரிந்தது. சுற்றிலும் தட்டையான வயல்கள், நடுவில் அது மட்டும் தனியாக.

நான் ஏன் இங்கே வருகிறேன் என்று வீட்டிலேயே கேட்டார்கள். என் தாத்தா கருப்புச் சட்டைக்காரர். அப்பா அம்மா திருமணம் ஐயர் இல்லாமல் நடந்தது, என்னுடையதும் அப்படியே. எங்கள் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் ஆண்டில் நான்கு மாதம் செங்கம் சாலையில் வாடகை வீட்டில் தங்கி, தினமும் ஆசிரமத்துக்குப் போய் வருகிறார். ஆறு ஆண்டாகக் கூப்பிடுகிறார். “நம்பச் சொல்லலம்மா, மூணு நாள் வந்து சாப்பிட்டுத் தூங்கிட்டுப் போ.” இந்த முறை மறுக்க மனம் வரவில்லை. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் ஆசிரமத்திலேயே தங்க இடம் தருகிறார்கள். அலுவலகத்தில் அடையாள அட்டை வாங்கிப் பதிந்துகொண்டு சாவியைக் கொடுத்தார்கள். அறைக்கு வாடகை இல்லை, சாப்பாட்டுக்கும் காசு இல்லை. உங்களுக்கு நம்பிக்கை உண்டா என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை. கட்டில், மின்விசிறி, கொசுவலை, சுவரில் ரமணர் படம். போதும்.

ஏழரைக்கு மணி அடித்தது. உணவுக்கூடத்தில் தரையில் வரிசையாகத் தையல் இலை போட்டிருந்தார்கள். நான் வாசலிலேயே ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். அது தாத்தா பழக்கம். எந்த ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் அவர் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் பந்தியைத்தான் போய்ப் பார்ப்பார். யார் எங்கே உட்கார்கிறார்கள், யாருக்கு முதலில் விழுகிறது, யார் மிச்சத்துக்குக் காத்திருக்கிறார்கள். சேரன்மாதேவி குருகுலத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லி வளர்த்தார் எங்களை. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் அது, நாட்டுக்காகச் சிறை அஞ்சாதவர் நடத்தியது, காங்கிரஸும் பணம் கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று தெரிந்ததும் 1924-25இல் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் நடத்திய சண்டை இந்த மாநிலத்தின் அரசியலையே திருப்பிப் போட்டது. “ஒரு இடம் எப்பேர்ப்பட்ட இடம்னு தெரியணுமா, இலையைப் பாரு” என்பார் தாத்தா.

இங்கே வந்த வரிசையில் உட்கார்ந்தார்கள். எனக்கு இடப்பக்கம் ஆந்திராவிலிருந்து வந்த பாட்டி. வலப்பக்கம் வெள்ளைக்காரர் ஒருவர், சம்மணம் போட முடியாமல் காலை மாற்றி மாற்றி மடக்கினார். எதிரில் காவி, லுங்கி, பட்டுப்புடவை, ஜீன்ஸ் எல்லாம். சோறு, ரசம், ஒரு பொரியல், மோர். பரிமாறியவர் வாளியோடு விரைந்து வந்தார். போதும் என்று கையை இலைமேல் காட்டினால் உடனே நகர்ந்துவிடுகிறார், இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்துவதில்லை. வீணாக்கக் கூடாது என்பது இங்கே கண்டிப்பு. ரசம் மிளகு தூக்கலாக இருந்தது. இரண்டு முறை வாங்கினேன்.

வெளியே வந்து பேருந்து நின்ற கதையைச் சொன்னதும் டீச்சர் சிரித்தார். “எந்த ஊர்ல நின்னுது, திருக்கோவிலூர்லயா? அங்கதான் அவரும் பசியோட நின்னாரு.”

1896 ஆகஸ்ட் கடைசியில் மதுரையிலிருந்து வீட்டில் சொல்லாமல் கிளம்பிய பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன், பின்னாளில் ரமணர். மாம்பழப்பட்டு வரைதான் ரயிலுக்குக் காசு இருந்தது. அங்கிருந்து நடந்து, இரவில் திருக்கோவிலூரை ஒட்டிய கீழூர்க் கோயிலில் பூசை முடியும்வரை காத்திருந்து சோறு கேட்டான். குருக்கள் தர மறுத்தார். பக்கத்தில் நின்ற மேளக்காரர், என் பங்கை இந்தப் பையனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றாராம். மறுநாள் காதில் கிடந்த கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்து ரயிலேறி, செப்டம்பர் 1ஆம் தேதி இங்கே வந்து இறங்கியவன் 1950இல் இறக்கும்வரை இந்த ஊரை விட்டுப் போகவில்லை.

படுத்த பிறகும் அந்த மேளக்காரர்தான் மனதில் இருந்தார். அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. கோயிலில் வாசிக்கிறவருக்கு அன்றைய கூலியில் ஒரு பகுதி அந்தப் பட்டைச் சோறு. பிராமணப் பையனுக்கு அதை விட்டுக்கொடுத்துவிட்டு அன்றிரவு அவர் என்ன சாப்பிட்டார்?

பிப்ரவரி 18, செவ்வாய்

நாலு மணிக்கு மயில் எழுப்பிவிட்டது. அகவல் என்ற சொல் பாடப்புத்தகத்தில் அழகாக இருக்கிறது, அறைக்கூரைக்கு நேர் மேலே கேட்டால் வேறு மாதிரி. வெளியே வந்தால் நல்ல குளிர், சால்வை தேவைப்பட்டது. ஏழு மணிக்கு இட்லி, சாம்பார், காப்பி. இட்லி மிருதுவாக, லேசாகப் புளித்து, எங்கள் வீட்டு இட்லி போலவே இருந்தது.

டீச்சர் என்னைப் பழைய ஹாலுக்குக் கூட்டிப் போய் வாசலில் விட்டுவிட்டு நகர்ந்தார். ரமணர் பல ஆண்டுகள் உட்கார்ந்து வந்தவர்களைப் பார்த்த இடம். அவருடைய சோபா இன்னும் இருக்கிறது, அதன்மேல் சாய்ந்து படுத்திருக்கும் அவர் படம். கீழே முப்பது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். பூசை இல்லை, பேச்சு இல்லை. இடம் தேடித் தயங்கி நின்றேன். கண்ணைத் திறக்காமலே ஒரு வெளிநாட்டுப் பெண் தன் பாயைப் பாதி மடித்து என் பக்கம் தள்ளினார். என் நிழலைப் பார்த்தாரா, காலடி கேட்டதா, தெரியாது.

நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன். முதலில் ஒன்பதாம் வகுப்புத் தாள்கள், பிறகு வீட்டுக் கடன், பிறகு முழங்கால் வலி. அதற்கப்புறம் ஏதோ ஒரு நேரத்தில் அவை அடங்கின. யாரும் யாரையும் தொந்தரவு செய்யாமல் முப்பது பேர் சேர்ந்து சும்மா இருக்கும் அறையில் நான் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை. கைப்பேசி அறையில் கிடந்தது. அந்த அமைதிக்கு இவையே காரணம் என்று நினைக்கிறேன், வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் அது உண்மையான அமைதி. இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

வெளியே சின்னச் சின்னச் சமாதிகள். லட்சுமி என்ற பசு, ஒரு மான், ஒரு காக்கை, ஒரு நாய். லட்சுமி 1948இல் செத்தபோது ரமணர் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டிருந்தாராம். ரமணரின் இளம் வயதில் மலையில் கீரை பறித்து வந்து அவருக்குச் சமைத்துக் கொடுத்த கீரைப் பாட்டிதான் பசுவாகப் பிறந்து வந்தார் என்று இங்கே நம்புகிறார்கள். மறுபிறவியை நான் ஏற்பதில்லை. சோறு போட்ட கிழவியை மறக்காமல் இருக்க இந்த ஊர் கண்டுபிடித்த வழி என்று அதை எடுத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு முன்முற்றத்தில் வேறொரு வரிசை. காவி கட்டிய சாமியார்கள், காவி கட்டாத கிழவர்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண், பிச்சை எடுப்பவர்கள். அலுமினியத் தட்டு, டிபன் டப்பா, சிலர் கையில் தையல் இலை. பெரிய பாத்திரங்களை வெளியே கொண்டுவந்து சோறு போட்டார்கள். அவர்களுக்குப் போட்ட பிறகுதான் பதினொன்றரைக்கு உள்ளே எங்கள் பந்தி.

அந்த வழக்கம் வந்த விதத்தை இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கூடிய பரதேசிகளைப் பரிமாறுகிறவர்கள் விரட்டினார்களாம். உள்ளே இலை போட்டுப் பார்த்தால் ரமணரைக் காணோம். தேடினால் தூரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். பரதேசிகள் போகலாம் என்றீர்கள், நானும் பரதேசிதானே, வந்துவிட்டேன் என்றாராம். அன்றிலிருந்து வெளியே நிற்பவர்களுக்கு முதலில்.

எனக்கு அந்தக் கதை மிகவும் பிடித்திருந்தது. பிடித்ததால்தான் இன்னொன்றையும் கேட்டேன்.

“டீச்சர், அவர் இருந்தப்ப உள்ளே தடுப்பு கட்டி, பிராமணர்களுக்கு ஒரு பக்கம், மத்தவங்களுக்கு ஒரு பக்கம்னு பந்தி நடந்திருக்கே. பழைய அன்பர்களே எழுதி வச்சிருக்காங்களே.”

“ஆமாம்மா. நடந்தது. ரெண்டு பக்கமும் தெரியற மாதிரி நடுவுல அவரு உட்காருவாரு.”

“அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தத் தடுப்பு அன்னிக்கே போயிருக்கும்.”

டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. இலுப்பை மரத்தடியில் உட்கார்ந்தோம். நானூறு ஆண்டு வயது என்று சொல்லப்படும் மரம் அது. “அவரு யாருக்கும் இதைச் செய், அதைச் செய்யாதேன்னு சட்டம் போடல. தனக்குன்னு தனியா ஒரு ஸ்பூன் வந்தாலும் தொட மாட்டாரு. மருந்து குடுத்தாக்கூட எல்லாருக்கும் குடுத்தீங்களான்னு கேட்பாரு. விடியறதுக்கு முன்னாடி சமையல்கட்டுல உட்கார்ந்து காய் நறுக்குவாரு. அதைப் பார்த்து மாறறவங்க மாறட்டும்னு விட்டுட்டாரு.”

“சமமாப் பங்கு போடறதுல அவ்வளவு கறாரா இருந்தவர், உட்கார்ற இடத்துல ஏன் இல்ல?”

“எனக்கும் அது உறுத்தும்மா” என்றார் டீச்சர். அவர் அப்படிச் சொன்னது எனக்கு எந்தப் பதிலையும் விடப் பெரிதாக இருந்தது. இருபது ஆண்டு பக்தையிடம் ஒரு கேள்வி கேட்டேன், அவர் என்னைச் சமாளிக்கப் பார்க்கவில்லை.

இன்று அந்தத் தடுப்பு இல்லை. நேற்று இரவும் இன்று மதியமும் நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

நாலு மணிக்குத் தேநீர், எல்லோருக்கும். மாலையில் முதலில் வேத பாராயணம். புரியாத மொழியில் ஒலி மட்டும் வந்து போனது, நான் வெளியே வந்து மயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறரைக்குத் தமிழ்ப் பாராயணம் தொடங்கியதும் என்னை அறியாமல் உள்ளே போய்விட்டேன். ஆண்கள் ஒரு வரி, பெண்கள் ஒரு வரி. தெலுங்குப் பாட்டியும் வெள்ளைக்காரரும் அவரவர் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தமிழைப் பாடினார்கள். என் மொழியை இத்தனை அக்கறையாக யாரோ ஒருவர் உச்சரிப்பதைக் கேட்டபோது தொண்டை அடைத்தது.

பிப்ரவரி 19, புதன்

ஆசிரமத்தின் பின்வாசலிலிருந்து கந்தாசிரமத்துக்குப் பாதை ஏறுகிறது. பெரும்பகுதி கல் பாவிய பாதை. செருப்பில்லாமல் ஏறுகிறவர்களே அதிகம். நான் செருப்போடுதான் போனேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறரை மணிக்குக் கல் இன்னும் சில்லென்றிருந்தது. வழியில் சிறு கற்களைச் செதுக்கி விற்பவர்கள் துணி விரித்துக் கடை பரப்பிக்கொண்டிருந்தார்கள்.

வளைவு ஒன்றில் ஊர் முழுவதும் கீழே விரிந்தது. நடுவில் கோயில், நான்கு பக்கமும் கோபுரங்கள், கிழக்கே 217 அடி ராஜகோபுரம். கடவுள் இல்லை என்று சொல்லி வளர்ந்த நான் அந்தக் கல்வேலையைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். அதைக் கட்டிய கைகளுக்குக் கொடுக்கும் மரியாதை அது.

அந்த நேரத்தில்தான் குரங்கு என் துணிப்பையைப் பறித்தது. உள்ளே மூன்று வாழைப்பழம், தண்ணீர் பாட்டில், மூக்குக்கண்ணாடி. பழத்துக்காகத்தான் வந்தது, ஆனால் பையோடு பாறை மேல் ஏறிவிட்டது. கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குப் பேருந்துப் பலகை தெரியாது. நான் கத்தியதைக் கேட்டுக் கீழே கல் செதுக்கிக்கொண்டிருந்தவர் ஏறி வந்தார். “சத்தம் போடாதீங்கக்கா, அது பயந்தா கீழ போட்டுடும்.” தன் டப்பாவைத் திறந்து ஒரு தோசையை எடுத்துப் பாறைமேல் வைத்துவிட்டுப் பின்வாங்கினார். குரங்கு பையை விட்டுவிட்டுத் தோசையை எடுத்துக்கொண்டது. கண்ணாடிக் கூட்டில் ஒரு கீறல், கண்ணாடிக்கு ஒன்றும் இல்லை.

“உங்க காலைச் சாப்பாடாச்சே” என்றேன்.

“இன்னும் ரெண்டு இருக்குக்கா.”

பணம் நீட்டினேன், வாங்கவில்லை. அதனால் அவரிடம் உள்ளங்கை அளவில் ஒரு ஆமை வாங்கினேன், 200 ரூபாய். பேரம் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினோம். பேச்சு 2024 டிசம்பர் 1ஆம் தேதிக்குப் போனது. ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலையின் ஒரு சரிவு மண்ணும் பாறையுமாக வ.உ.சி. நகர் வீட்டின்மேல் இறங்கியது. ஏழு பேர், அதில் பெரும்பாலும் பிள்ளைகள். “தெனம் இந்தக் கல்லைத்தான் தொட்டு வேலை செய்யறேன். அந்த ராத்திரிக்கு அப்புறம் மழை பெஞ்சா தூக்கம் வரதில்லக்கா” என்றார். ஊரே சிவன் என்று கும்பிடும் மலை. அவர் அதைப் பற்றிக் குறை சொல்லவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. உளியை எடுத்துக்கொண்டு திரும்ப வேலையில் உட்கார்ந்தார்.

கந்தாசிரமத்தில் தென்னையும் சுனையுமாகக் குளிர்ந்த இடம். 1916 முதல் 1922 வரை ரமணர் இங்கே இருந்தார், தாயார் அழகம்மாளும் இங்கே வந்து மகனோடு தங்கினார். அதுவரை பிச்சைச் சோறுதான். கொஞ்சம் கீழே விரூபாட்சிக் குகையில் இருந்த காலத்தில் உடனிருந்தவர்கள் ஊருக்குள் போய்ப் பாடிப் பிச்சை எடுத்து வருவார்களாம். கிடைத்ததை எல்லாம் ஒன்றாகக் கலந்து எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிடுவது வழக்கம். பிச்சைக்குப் போகும்போது பாட நமக்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் பிறந்ததுதான் அட்சரமணமாலை, 108 கண்ணிகள். சோற்றுக்காகத் தெருவில் பாட எழுதிய பாட்டு என்று தெரிந்ததும் எனக்கு அது வேறு பாட்டாகிவிட்டது.

அம்மா வந்த பிறகுதான் அடுப்பு வந்தது. அவர் ஆசாரம் பார்ப்பவர், வெங்காயத்தைச் சேர்க்க மாட்டார். வெங்காயம், முருங்கைக்காய் எல்லாம் மோட்சத்துக்குப் பெரிய தடை, ஜாக்கிரதை என்று மகன் கேலி செய்வாராம். 1922 மே மாதம் அவர் இங்கேயே இறந்தார். அடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். மகன் அந்தச் சமாதிக்குப் போய் வந்துகொண்டிருந்தார், பிறகு ஒருநாள் அங்கேயே தங்கிவிட்டார். நான் தங்கியிருக்கும் அறை, சாப்பிட்ட கூடம், மயில்கள் உலவும் முற்றம் எல்லாம் அப்படி ஒரு அம்மாவின் சமாதியைச் சுற்றி வந்தவை.

விரூபாட்சிக் குகைக்குள் காற்று அடர்ந்து வெப்பமாக இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் என்னால் முடியவில்லை.

மறுபக்கம் ஊருக்குள் இறங்கினேன். பதினோரு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. இளநீர் 50 ரூபாய், தேநீர் 15. பேகோபுரத் தெருப் பக்கம் ஒரு சின்ன மெஸ்ஸில் சாப்பாடு 100 ரூபாய், கத்தரிக்காய்க் காரக்குழம்பு, நல்லெண்ணெய் மேலே நின்றது. இரண்டு நாளுக்குப் பிறகு பூண்டு வாசனை. திரும்பி வர ஆட்டோவுக்கு 200 கேட்டார் ஒருவர், அடுத்தவர் 80க்கு வந்தார்.

பிப்ரவரி 20, வியாழன்

விடியற்காலை நாலரைக்கு டீச்சரோடு கிரிவலப் பாதையில் இறங்கினேன். 14 கிலோமீட்டர். பௌர்ணமி முடிந்து ஒரு வாரம் ஆனதால் சாலை காலியாகக் கிடந்தது. டீச்சர் லிங்கம் லிங்கமாக நின்று கும்பிட்டார், நான் அவர் செருப்புக்குக் காவல் நின்றேன். நடைபாதையில் சாமியார்கள் சாக்கை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தலைமாட்டில் நாய், இன்னொருவர் காலடியில் பழைய டிரான்சிஸ்டர். மலை ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு மாதிரி தெரிந்தது. ஆதி அண்ணாமலை தாண்டியதும் இடது குதிகாலில் கொப்புளம். அருகம்புல் சாறு 20 ரூபாய். எட்டரைக்குத் திரும்பியபோது காலை இட்லி முடிந்திருந்தது. கிரிவலத்தைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல முடியும், என் மனம் வேறொன்றில் இருந்தது.

மூன்று நாளாக உள்ளே ஒரே பந்தி என்று எனக்குள் சரிபார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் பதினொரு மணிக்கு வெளியே ஒரு வரிசை, பதினொன்றரைக்கு உள்ளே ஒரு வரிசை. அவர்களுக்கு முதலில் என்பது நல்ல ஏற்பாடு, அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் இரண்டு வரிசை. நான் செவ்வாயன்று நின்று பார்த்துவிட்டு உள்ளே போனவள். தாத்தா இருந்தால் அவர் எங்கே நின்றிருப்பார் என்று நேற்று இரவெல்லாம் கேட்டுக்கொண்டேன்.

பத்தே முக்காலுக்குப் போய் வெளி வரிசையின் கடைசியில் நின்றேன். முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்தார். நரைத்த தாடி, சாயம் போன காவி, கையில் நசுங்கிய தட்டு.

“உள்ள போடுவாங்கம்மா, பதினொன்றரைக்கு. நீங்க அங்க தங்கியிருக்கிறவங்கதானே?”

“இங்கயே சாப்பிடலாமான்னு நிக்கறேன் ஐயா. உங்களுக்குக் குறைஞ்சுடும்னா போயிடறேன்.”

“நேத்து மிச்சம் இருந்துச்சு. நில்லுங்க” என்றார்.

என்னிடம் தட்டில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெறும் கையோடு வந்து வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வரிசை நகர்ந்தது. கரண்டியோடு நின்ற இளைஞர் என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தினார். நேற்று இரவு எனக்கு மோர் ஊற்றியவர் அவர்தான்.

“அம்மா, உங்களுக்கு உள்ளே...”

“போடுப்பா” என்றார் பெரியவர். “அவங்களும் பசிச்சுத்தான் நிக்கிறாங்க. மலை சுத்திட்டு வந்த காலு, பாத்தா தெரியலையா?” தன் தோள்பையிலிருந்து ஒரு தையல் இலையை எடுத்து என் கையில் வைத்தார்.

இளைஞர் ஒரு கரண்டி சோறு வைத்து, சாம்பாரை ஊற்றி, போதுமா என்று கண்ணால் கேட்டார். நானும் பெரியவரும் நிழலில் மண்ணிலேயே உட்கார்ந்தோம். இலை மெலிதாக இருந்தது, சாம்பார் அடியில் கசிந்து புடவையை நனைத்தது. அவர் தட்டின் விளிம்பில் முதல் பிடியை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். காக்கை வந்து அதை எடுத்துக்கொண்டு போனது.

காலையில் திரும்பி வரும்போது சமையல்கட்டு வாசலில் வெள்ளைப் பூசணியை நறுக்கிக் குவித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். அதே பூசணிதான் என் இலையிலும் கிடந்தது. உள்ளே பதினொன்றரை மணி அடித்தது. டீச்சர் கூடத்து வாசலில் நின்று என்னைத் தேடுவது தெரிந்தது. கையை உயர்த்திக் காட்டினேன். பார்த்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு எங்களை நோக்கி நடந்து வந்தார்.